பவளம் கொடுத்து வாங்கிய வைரம்

1701 டிசம்பர். சென்னை ஜார்ஜ் கோட்டையில் கவர்னர் தாமஸ் பிட் முன்னால், ஜம்சந்த் என்ற வைர வியாபாரி பட்டை தீட்டாத ஒரு கல்லை எடுத்து வைத்தார். எடை 410 காரட். கேட்ட விலை இரண்டு லட்சம் வராகன். பேரம் அடுத்த ஆண்டுவரை இழுத்தது. கடைசியில் 48,000 வராகனுக்குக் கல் கைமாறியது.

பிட் கொடுத்தது ஏறத்தாழ 20,000 பவுண்டு. லண்டனில் பட்டை தீட்டியதும் எடை 140 காரட் அளவுக்கு இறங்கியது, விலையோ ஏறியது. 1717-இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த ஆர்லியன்ஸ் கோமகன் அதை 1,35,000 பவுண்டுக்கு வாங்கினார். இன்று அது பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்த வியாபாரத்தின் தடம் சென்னையில் இன்னும் ஒரு தெருப்பெயராக நிற்கிறது: மண்ணடியின் பவளக்காரத் தெரு. லண்டனோடு தொடர்புள்ள யூத வணிகர்கள் மத்தியதரைக் கடல் பவளத்தையும் வெள்ளியையும் இங்கே இறக்கி, கோல்கொண்டா சுரங்கங்களின் வைரத்தைக் கப்பலேற்றினார்கள். போர்னியோவின் சொற்பக் கற்கள் நீங்கலாக உலகுக்கு வைரம் தந்தது அன்று இந்தியா மட்டுமே.

1720-களில் பிரேசிலில் வைரம் கிடைத்ததும் ஐரோப்பாவில் விலை சரிந்தது. 1867-க்குப் பிறகு தென்னாப்பிரிக்கா மூட்டை மூட்டையாகக் கொட்டியது. மறுபடி சரியாமல் காக்க, 1888-இல் உருவான டி பியர்ஸ் நிறுவனம் சுரங்கங்களை வளைத்து, சந்தைக்கு எவ்வளவு விடுவது என்பதைத் தானே முடிவு செய்தது. வைரம் என்றென்றைக்கும் என்ற அதன் விளம்பர வாசகம் 1947-இல் பிறந்தது. அரிய பொருளாகக் காட்டுவதற்கே ஒரு நூற்றாண்டு உழைப்பு!

அந்த ஆப்பிரிக்கக் கல் தமிழ்க் காதுகளுக்கும் வந்தது. ஏழு கல் தோட்டில் நடுக்கல்லைச் சுற்றி ஆறு. நிறத்தில் ஒன்று பிசகினாலும் ஜோடி கெட்டது. பாட்டிமார் தேடிக் கேட்ட ‘ப்ளூ ஜாகர்’, யாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தின் பெயரால் வந்தது. வெயிலில் அது நீலமோடும். புற ஊதாக் கதிர் பட்டு எழும் அதே நீல ஒளிர்வுக்காக, இன்றைய சந்தை வெள்ளைக் கற்களின் விலையைக் குறைக்கிறது. கல் மாறவில்லை, ரசனைதான் மாறியது.

இப்போது வைரத்துக்குச் சுரங்கமே வேண்டாம். ஆய்வகத்தில் வளரும் கல்லும் அதே கரிமம்தான், வெறுங்கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 2018-இல் டி பியர்ஸே அதைக் காரட் 800 டாலருக்கு விற்கத் தொடங்கியது. 2024-இல் 500 ஆக்கியது. மறு ஆண்டு அந்த விற்பனையையே நிறுத்துவதாக அறிவித்தது. இந்திய அரசோ 2023-இல் இந்த ஆராய்ச்சிக்காகச் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐந்தாண்டுகளுக்கு 242.96 கோடி ரூபாய் ஒதுக்கியது.

நாட்றாம்பாளையம் போன்ற ஊர்களிலிருந்து, தனிஷ்க் நகைகள் உருவாகும் ஓசூருக்குக் கல்யாண நகை வாங்கப் போகிறவர்கள் மூன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும்: கல் சுரங்கத்ததா ஆய்வகத்ததா, சான்றிதழ் யாருடையது, திரும்பக் கொடுத்தால் என்ன விலைக்கு எடுப்பீர்கள். மூன்றுக்கும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.