அமெரிக்க வேரில் ஐரோப்பியக் கொடி

மாங்கன்று வாங்கப் போகிறவர் எவரும் முதலில் கேட்கும் கேள்வி, "ஒட்டுக் கன்றா, கொட்டைக் கன்றா?" என்பதுதான். ஒட்டுக் கன்று விரைவில் காய்க்கும். தாய் மரத்துப் பழத்தின் சுவை அப்படியே கிடைக்கும். இவ்வளவும் நாம் அறிந்ததே. ஆனால் இந்த எளிய தோட்டக்காரர் வேலை, ஒரு காலத்தில் ஒரு பெரிய நாட்டின் பயிர்த்தொழிலையே அழிவிலிருந்து மீட்டது என்றால் நம்புவீர்களா? நாடு பிரான்சு; பயிர் திராட்சை. அந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

காரணம் தெரியாத சாவு

1863-ஆம் ஆண்டை ஒட்டி, தெற்குப் பிரான்சில் ரோன் ஆற்றின் கீழ்ப்பகுதியில் திராட்சைக் கொடிகள் காரணமின்றிப் பட்டுப்போகத் தொடங்கின. கோடையில் இலை மஞ்சளாகும். பின் சிவந்து உதிரும். இரண்டு மூன்று ஆண்டுகளில் கொடியே செத்துவிடும். தாளில் விழுந்த எண்ணெய்த் துளி நாற்புறமும் பரவுவதுபோல, நோய் ஒரு கொடியிலிருந்து சுற்றிலும் பரவியது. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்துப் பிழைத்த குடியானவர்கள் செய்வதறியாது திகைத்தார்கள்.

1868 ஜூலையில் மூவர் கொண்ட ஆய்வுக் குழு ஒன்று நோய் கண்ட தோட்டங்களுக்குச் சென்றது. அவர்களுள் ஒருவர் மான்பெல்லியே நகரத் தாவரவியல் பேராசிரியர் பிளான்ஷோன். செத்த கொடிகளைப் பிடுங்கிப் பார்த்தார்கள். அழுகிய வேரைத் தவிர ஒன்றுமில்லை. அடுத்து, பார்வைக்கு நன்றாகவே இருந்த பக்கத்துக் கொடியைப் பிடுங்கினார்கள். வேரெல்லாம் மஞ்சள் பொடி தூவினாற்போல் நுண்ணிய பூச்சிகள்! உருப்பெருக்கிக் கண்ணாடியின்றி அவற்றைச் சரியாகக் காணவே முடியாது. கொடி செத்ததும் பூச்சிகள் அடுத்த கொடிக்குக் குடிபெயர்ந்துவிடும். கொலைகாரனைப் பிணத்தருகே தேடியதால்தான் அதுவரை அவன் அகப்படவில்லை.

அப்பூச்சிக்குப் பில்லாக்சரா என்று பெயர். அசுவினிக்கு உறவான இனம். கோடையில் பெண் பூச்சிகள் ஆண் துணையின்றியே முட்டையிட்டுத் தலைமுறை தலைமுறையாகப் பெருகும். அவை வேரைக் குத்திச் சாற்றை உறிஞ்சுகின்றன. புண்பட்ட இடம் வீங்கி, அதன் வழியே அழுகல் நுழைகிறது.

காரணமா, விளைவா?

எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "மண் சத்திழந்துவிட்டது, கொடி நலிந்துவிட்டது, நலிந்த கொடியில் பூச்சி வருவது இயற்கை. பூச்சி விளைவேயன்றிக் காரணமன்று" என்று பலர் வாதிட்டார்கள். ஒன்றையொன்று தொடர்ந்து வரும் இரு நிகழ்ச்சிகளில் எது காரணம், எது விளைவு என்று பிரித்தறிவது அறிவியலில் என்றுமே கடினமான வேலைதான்.

இதற்கு விடை அமெரிக்காவிலிருந்து வந்தது. மிசௌரி மாநிலத்தின் பூச்சியியல் அதிகாரி சார்லஸ் ரைலி, 1871-இல் பிரான்சுக்கு வந்து நேரில் ஆராய்ந்தார். அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் இலைகளில் முடிச்சுகளை உண்டாக்கும் பூச்சியும் பிரான்சின் வேர்ப் பூச்சியும் ஒன்றே என்றார். 1873-இல் பிளான்ஷோன் அமெரிக்கா சென்று அதை உறுதி செய்துகொண்டார். தோட்டப் பிரியர்கள் வரவழைத்த அமெரிக்கக் கொடிகளின் வேரில் ஒட்டிக்கொண்டு பூச்சி வந்திருந்தது. பாய்மரக் கப்பலில் பல வாரப் பயணம். வழியிலேயே பூச்சி மடிந்துபோகும். நீராவிக் கப்பல் பயண நாட்களைக் குறைத்தது. பூச்சி உயிரோடு கரையேறியது.

அப்படியானால் அமெரிக்கக் கொடிகள் ஏன் சாகவில்லை? பல்லாயிரம் ஆண்டுகள் பூச்சியோடு சேர்ந்தே வாழ்ந்தவை அவை. எதிர்த்து நிற்க முடியாதவை என்றோ மறைந்தன, நின்றவை தழைத்தன. அவற்றின் வேரில் பூச்சி குத்தினால், புண்ணைச் சுற்றித் தக்கை போன்ற அடுக்கு விரைவில் வளர்ந்து அழுகலைத் தடுத்துவிடுகிறது. டார்வினின் கொள்கையை ஏற்ற ரைலிக்கு இது வியப்பாக இல்லை.

மூன்று லட்சம் பிராங்க் பரிசு

மருந்து கண்டுபிடிப்பவருக்கு மூன்று லட்சம் பிராங்க் பரிசு என்று 1874-இல் பிரெஞ்சு அரசு அறிவித்தது. யோசனைகள் வந்து குவிந்தன. பயன்பட்டவை மிகச் சிலவே. குளிர்காலத்தில் தோட்டத்தையே பல வாரம் நீரில் மூழ்கடித்தால் பூச்சி சாகும். ஆனால் சரிவு நிலத்தில் நீரை நிறுத்துவது எப்படி? கார்பன் டைசல்பைடு என்னும் நச்சுத் திரவத்தைப் பெரிய ஊசிக் குழாயால் மண்ணுக்குள் செலுத்தினார்கள். அது எளிதில் தீப்பற்றுவது, செலவும் அதிகம். ஆண்டுதோறும் செய்ய வேண்டும். பணக்காரர் செய்தார், ஏழை தோட்டத்தை இழந்தார்.

1875-இல் பிரான்சின் திராட்சை மது விளைச்சல் சுமார் 840 கோடி லிட்டர். 1889-இல் அது 240 கோடி லிட்டருக்கும் கீழே சரிந்தது. தோட்டமிழந்த குடும்பங்கள் பல, அல்ஜீரியா போன்ற நாடுகளுக்குப் புறப்பட்டுச் சென்றன.

கத்தியும் கட்டும்

தம் தோட்டத்தில் மற்றக் கொடிகள் சாக, அமெரிக்கக் கொடிகள் மட்டும் பிழைத்து நிற்பதாக போர்தோ நகரின் லாலிமான் 1869-இலேயே தெரிவித்திருந்தார். ஆனால் அமெரிக்கத் திராட்சையின் மது பிரெஞ்சுக்காரர் நாவுக்கு ஒவ்வவில்லை. வேர் அமெரிக்காவினுடையதாகவும், கொடி பிரான்சினுடையதாகவும் இருந்தால் என்ன? பிளான்ஷோனுடன் சென்ற பசீல் முதலியோர் இவ்வாறு சிந்தித்தார்கள். இரண்டையும் ஒட்டுக் கட்டினார்கள்.

பட்டைக்கும் கட்டைக்கும் இடையே கேம்பியம் என்னும் மெல்லிய வளர்திசு உள்ளது. வேர்ச்செடியின் கேம்பியமும் ஒட்டுத்தண்டின் கேம்பியமும் ஒன்றையொன்று தொட வேண்டும். காயமும் உலரக் கூடாது. இதற்காகத்தான் நாக்குப்போல் வெட்டிக் கோத்து, இறுகக் கட்டுகிறார்கள். சில வாரங்களில் புதுத்திசு வளர்ந்து இடைவெளியை அடைக்கிறது. அதனூடே நீர்க் குழாய்களும் உணவுக் குழாய்களும் உருவாகி இணைகின்றன. இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது வேர்வரை நீள்கின்ற நீர்க்கம்பி மேலே இழுபடுகிறது. ஒட்டு சரியாக இணையாவிட்டால் அக்கம்பி அறுந்து மேல்தண்டு வாடிவிடும். ஒட்டுவாய் மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். மண்ணில் புதைந்தால் பிரெஞ்சுத் தண்டே வேர்விடும். பூச்சிக்கு மீண்டும் விருந்துதான்.

கனியைத் தீர்மானிப்பது மேல்தண்டின் மரபுப் பண்பு. ஆதலால் பழம் பழைய பழமாகவே இருந்தது. ஆயினும், "அந்நிய வேர் நம் மதுவைக் கெடுத்துவிடும்" என்ற அச்சம் தீரப் பல ஆண்டுகள் ஆயின.

இன்னொரு தடையும் வந்தது. சுண்ணாம்பு மண்ணில் அமெரிக்க வேர் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் இலை வெளுத்தது. 1887-இல் பியர் வியாலா என்ற அறிஞரை அரசு அமெரிக்காவுக்கு அனுப்பியது. டெக்சாஸ் மாநிலத்தில் முன்சன் என்ற திராட்சை வல்லுநர், சுண்ணாம்புக் குன்றுகளில் செழிக்கும் பெர்லாண்டியேரி என்ற காட்டினத்தை அவருக்குக் காட்டினார். அதன் குச்சி எளிதில் வேர்விடாது. எனவே வேறு இனங்களுடன் கலந்து புதிய வேர்ச்செடிகளை உண்டாக்கினார்கள். பிரான்சின் தோட்டங்கள் மறுபடி எழுந்தன. மூன்று லட்சம் பிராங்க் மட்டும் கடைசிவரை யாருக்கும் வழங்கப்படவில்லை!

மறந்தவர்கள் கற்ற பாடம்

கதை இத்துடன் முடியவில்லை. இருபதாம் நூற்றாண்டில் கலிபோர்னியாவில் ஏஎக்ஸ்ஆர்-1 என்ற வேர்ச்செடியைப் பெருமளவில் நட்டார்கள். நிறைய விளைந்தது. ஆனால் அதன் பெற்றோரில் ஒன்று ஐரோப்பியத் திராட்சை, எதிர்ப்பாற்றல் குறைவு. இதை ஐரோப்பியர் முன்பே அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். எச்சரிக்கை பொருட்படுத்தப்படவில்லை. 1980-களில் பூச்சி அவ்வேரை வென்றது. ஆயிரக்கணக்கான ஏக்கரைப் பிடுங்கி மறுபடி நட நேர்ந்தது.

பில்லாக்சராவை இன்றுவரை யாரும் ஒழித்துவிடவில்லை. அது மண்ணில் இருக்கிறது. அதனுடன் வாழத் தெரிந்த வேரைக் கொடுத்திருக்கிறோம், அவ்வளவே. நம் நாட்டில் மகாராஷ்டிரத் தோட்டங்களிலும், வறட்சியையும் உவர் மண்ணையும் தாங்குவதற்காக டாக்ரிட்ஜ் என்ற அமெரிக்க வேர்ச்செடியில் திராட்சையை ஒட்டுகிறார்கள். அடுத்த முறை ஓர் ஒட்டுக் கன்றை வாங்கும்போது, தண்டில் உள்ள அந்தச் சிறு தழும்பைச் சற்று உற்றுப் பாருங்கள். "மேலே என்ன ரகம்?" என்று மட்டும் கேட்காமல், "கீழே என்ன வேர்?" என்றும் கேளுங்கள்.