கங்காணி

'மேற்பார்ப்பவர்' எனப் பொருள்படும் 'கண்காணி' என்ற சொல்லில் ணகர மெய், பின்வரும் ககரத்துக்கு இனமான ஙகரமாகத் திரிந்து பிறந்ததே 'கங்காணி'. 1877இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ பெற்ற, இன்று இடுக்கி மாவட்டத்திலுள்ள கண்ணன் தேவன் மலைகளில் தோட்டங்கள் பெருகி, 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் தோன்றியபோது, இச்சொல் ஒரு பதவியின் பெயராக அங்கே வேரூன்றியது. தோட்ட மேலாளரான துரையிடம் முன்பணம் பெற்றுத் திருநெல்வேலி, மதுரைப் பகுதிகளிலுள்ள தம் ஊராரையும் உறவினரையும் மலைக்கு அழைத்துவருவதும், விடியற்காலையில் பெரட்டில், அதாவது ஆள்கணக்கெடுப்பில், அவர்களை நிறுத்தி வேலைக்கு அனுப்புவதும், முன்பணத்தைக் கூலியில் கழிப்பதும் கங்காணியின் பணிகள். கடன் தீராதவரை தொழிலாளி தோட்டத்தை விட்டு அகல முடியாது என்பதால், கங்காணி ஆள்சேர்ப்பவராகவும் மேற்பார்வையாளராகவும் கடன் கொடுத்தவராகவும் ஒருங்கே விளங்கினார். இதே காலத்தில் அமெரிக்க இருப்புப்பாதைப் பணிகளுக்கு இத்தாலியரைத் திரட்டிய 'பட்ரோனே' என்னும் தரகரும் ஏறத்தாழ இத்தகையவரே. 'கண்காணிப்பு' இன்றும் அலுவலகச் சொல்லாக மதிப்புடன் வழங்க, அதே வேரில் பிறந்த 'கங்காணி' பெரும்பாலும் இகழ்ச்சிச் சொல்லாகவே எஞ்சியுள்ளது.