சோடியம் பம்பு: 1957க்கு முன்னும் பின்னும்

பாலூட்டிகளின் தசைச் செல்லுக்குள் லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல் பொட்டாசியமும் 12 மில்லிமோல் சோடியமும் இருக்கின்றன. வெளியே பொட்டாசியம் 4, சோடியம் 145. இந்த ஏற்றத்தாழ்வைக் காப்பது சவ்விலுள்ள சோடியம் பம்பு. அதை 1957இல் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கௌ கண்டுபிடித்தார் என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் பம்பு இருந்தே ஆகவேண்டும் என்ற முடிவு அதற்கு முன்பே எட்டப்பட்டுவிட்டது. ஸ்கௌவின் நொதிதான் அந்தப் பம்பு என்பது பிறகே உறுதிப்பட்டது.

1941இல் பாயிலும் கான்வேயும், தவளைத் தசையின் சவ்வு சோடியத்தை உள்ளே விடுவதே இல்லை என்று வாதிட்டார்கள். விடாத சவ்வுக்குப் பம்பு எதற்கு? ஆனால் பொட்டாசியம் இல்லாத உணவில் வளர்ந்த எலிகளின் தசைக்குள் சோடியம் புகுவதை ஹெப்பெல் 1939லேயே காட்டியிருந்தார். அடுத்த ஆண்டு, தவளைத் தசைக்குள் அப்படிப் புகுந்த சோடியம், வெளியே பொட்டாசியம் சேர்த்ததும் திரும்ப வெளியேறுவதை ஸ்டைன்பாக் கண்டார். புகவும் செய்கிறது, செறிவு மிகுந்த பக்கம் நோக்கி வெளியேறவும் செய்கிறது என்றால் அந்த வேலைக்கு ஆற்றல் செலவாகியே தீரும். 1941இல் டீன் ‘பம்பு’ என்றது இதைத்தான். 1955இல் ஹாட்ஜ்கினும் கீன்ஸும் கணவாயின் பெருநரம்பிழையை, செல்லின் ஆற்றல் உற்பத்தியைத் தடுக்கும் நஞ்சான டைநைட்ரோஃபீனால் கரைசலில் வைத்தபோது சோடியம் வெளியேற்றம் வெகுவாகக் குறைந்தது. நஞ்சைக் கழுவியதும் மீண்டது. சோடியம் உள்ளே பாய்வதால் எழும் நரம்புத் துடிப்போ இடையில் நிற்கவே இல்லை. சோடியம் உள்ளே பாயும் வழியும் வெளியேற்றப்படும் வழியும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

ஸ்கௌ நண்டின் கால் நரம்பில் கண்டது, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏ.டி.பி.யைச் சிதைக்கும் ஒரு நொதி. மக்னீசியத்தோடு சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்திருந்தால்தான் அது முழு வேகம் கொண்டது. கட்டுரைத் தலைப்பில் பம்பு என்ற சொல்லையே அவர் தவிர்த்தார். அந்த எச்சரிக்கை நியாயமானது. ஏ.டி.பி. சிதைவதும் அயனி இடம்பெயர்வதும் ஒன்றல்ல. இரண்டையும் இணைத்தது, இதய மருந்தாகவும் பயன்பட்ட ஊவாபெயின் என்ற நஞ்சு. இவ்வகை இதய மருந்துகள் சிவப்பணுவின் அயனிக் கடத்தலைத் தடுப்பதை ஷாட்ஸ்மன் 1953இல் காட்டியிருந்தார். 1958இல் வியன்னா மாநாட்டில் சந்தித்த ராபர்ட் போஸ்ட், நண்டு நொதியையும் ஊவாபெயின் தடுக்கிறதா என்று ஸ்கௌவிடம் கேட்டார். சோதித்ததில் தடுத்தது.

செல் உடலியலாளர் கில்பர்ட் லிங் பம்புக் கருத்தையே ஏற்கவில்லை. பொட்டாசியம் செல்லின் புரதங்களோடு ஒட்டியிருக்கிறது, பம்பை ஓட்டும் அளவுக்குச் செல்லில் ஆற்றலே இல்லை என்றார். எளிதில் தள்ளிவிட முடியாத மறுப்பு இது. ஆனால் கதிரியக்கச் சோடியத்தை வைத்து அளந்த வெளியேற்றம் முழுவதையும் ஆற்றல் செலவாகக் கணக்கிட்டால்தான் பற்றாக்குறை வரும். அதில் ஒரு பகுதி, சோடியத்துக்குச் சோடியம் மாறிக்கொள்ளும் செலவில்லாப் பரிமாற்றம் என்று உஸ்ஸிங் ஏற்கெனவே விளக்கியிருந்தார். ஒரு ஏ.டி.பி.க்கு மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே என்ற விகிதத்தில், மேற்சொன்ன செறிவுகளுக்கும் 70 மில்லிவோல்ட் மின்னழுத்தத்துக்கும் மோலுக்குச் சுமார் 44 கிலோஜூல் தேவை. செல்லில் ஏ.டி.பி. தருவது ஏறத்தாழ 50 கிலோஜூல் அல்லது அதற்குச் சற்று மேல். மிச்சம் சிறிது, பற்றாக்குறை இல்லை.

புரதப் பிணைப்பு வாதத்துக்கு விடை 1974இல் வந்தது. நாயின் சிறுநீரகத்திலிருந்து தூய்மைப்படுத்திய நொதியைக் கோல்டினும் டோங்கும் வெறும் கொழுப்புக் குமிழிகளில் பொருத்தினார்கள். ஒட்டிக்கொள்ள அங்கே செல்லின் உட்புரதம் எதுவும் இல்லை, ஏ.டி.பி. சேர்த்ததும் சோடியம் சவ்வைக் கடந்தது.