பெண்டாங்கிள்: 1968 ஜூன் 29 ராத்திரி

புரோகிரசிவ் ஃபோக்னா என்னன்னு யாராச்சும் கேட்டா, விளக்கம் எல்லாம் சொல்றதில்லை. பெண்டாங்கிளின் 'ஸ்வீட் சைல்ட்' இரட்டை ஆல்பத்தில் முதல் தட்டைக் கேளுங்கன்னு சொல்லிடுவேன். 1968 ஜூன் 29 அன்று லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் கச்சேரியாகவே பதிவானது. இரண்டாவது தட்டு ஸ்டூடியோ சரக்கு. (அட்டை செஞ்சது பீட்டர் பிளேக். பீட்டில்ஸோட சார்ஜன்ட் பெப்பர் அட்டையிலயும் அவர் கைவண்ணம் உண்டு!)

பெர்ட் ஜான்ஷ், ஜான் ரென்போர்ன் இரண்டு பேரும் ஏற்கனவே தனித்தனியா பேர் வாங்கின கிதார்காரங்க. டபுள் பாஸ் டேனி தாம்சனும் டிரம்ஸ் டெரி காக்ஸும் அலெக்ஸிஸ் கார்னரோட வாசிச்சவங்க, ப்ளூஸும் ஜாஸும் ஊறின ஆளுங்க. ஜாக்கி மெக்ஷீ நாட்டுப்பாடல் கிளப் பாடகி. 1967-ல் ஹார்ஸ்ஷூங்கற பப்பில் ஞாயித்துக்கிழமைகளில் சேர்ந்து வாசிக்க ஆரம்பிச்சாங்க. அப்புறம் ஜோ லஸ்டிக் மேனேஜரா வந்தார். பப்பிலிருந்து நேரா 2,500 பேருக்கு மேல உட்கார்ற அரங்கம்.

முதல் ஆல்பம் வெளிவந்தே ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. அன்னிக்கு மேடையில் நிறைய தனி ஆவர்த்தனம். தாம்சன் தன்னந்தனியா சார்லஸ் மிங்கஸோட 'ஹெய்ட்டியன் ஃபைட் சாங்'. ஜாக்கி ஒரு பாட்டைப் பக்கவாத்தியமே இல்லாம பாடறார். இரண்டு கிதாரும் சேர்ந்து, லெஸ்டர் யங் நினைவா மிங்கஸ் எழுதின 'குட்பை போர்க் பை ஹேட்'. ரென்போர்ன் கையில் வில்லியம் பர்டின் பழங்கால நடன இசை.

இது குழு மாதிரியே இல்லையே, அஞ்சு பேர் மாத்தி மாத்தி வாசிக்கறாங்களேன்னு தோணலாம். எனக்கு அதுதான் இந்தப் பதிவோட பலமே. யார் எதைக் கொண்டு வந்தாங்கன்னு தனித்தனியா காதுல விழுது. அப்புறம் 'புரூட்டன் டவுன்' கேளுங்க. தங்கையின் காதலனை அண்ணன்கள் கொல்லும் பழைய இங்கிலீஷ் கதைப்பாட்டு. அஞ்சு பேரும் கொண்டு வந்த சரக்கு ஒண்ணா கலக்குது. பாட்டு கிராமத்தோடது, கீழே ஓடற தாளம் ஜாஸ் கிளப்போடது. 1969-ல் வந்த 'பாஸ்கெட் ஆஃப் லைட்' பிரிட்டனில் 5-ஆம் இடம் வரைக்கும் போச்சு. அதுல இந்தத் தையல் தெரியாது, அவ்வளவு நேர்த்தி. நான் தையல் தெரியற சட்டையைத்தான் எடுத்துக்குவேன் :-)

1973-ல் குழு கலைஞ்சது. பல வருஷம் கழிச்சு பழைய அஞ்சு பேரும் திரும்பச் சேர்ந்தாங்க. 2011 ஆகஸ்ட் 1 அன்று அதே ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் வாசிச்சாங்க. பெர்ட் ஜான்ஷுக்கு அதுதான் கடைசி மேடை. அக்டோபர் 5-ல் இறந்துட்டார்.