மணிச்சட்டத்துக்கு முந்திய மனக்கணக்கு

1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்ததும், 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் வட்டங்களுள் ஒன்றாக விளங்குவதுமான சங்கராபுரத்தை உள்ளிட்ட தமிழ்நிலத்தில், பிள்ளைகளுக்குக் கணக்குப் பயிற்றும் பொறுப்பு நெடுங்காலம் திண்ணைப் பள்ளிக்கூடங்களிடமே இருந்தது. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டுத் திரட்டிய விவரங்களின்படி, சென்னை மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகள் இயங்கின. மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளைகளுக்கு அங்கே கம்பியில் கோத்த மணிகள் தேவைப்படவில்லை. சட்டாம்பிள்ளை, அதாவது ஆசிரியருக்குத் துணையாக நின்ற மூத்த மாணவன், முறைவைத்துச் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்லிச் சொல்லியே எண்களை மனத்தில் ஏற்றினர்.

ஏற்றியவை முழு எண்கள் மட்டுமல்ல என்பதே இங்குக் கருதத்தக்கது. பின்ன வாய்பாடான பொன்னிலக்கம், ஒன்றில் 320இல் ஒரு பங்காகிய முந்திரியில் தொடங்கியது. இரண்டு முந்திரி அரைக்காணி, இரண்டு அரைக்காணி காணி, இரண்டு காணி அரைமா, இரண்டு அரைமா மா என அது ஏறிச் சென்றது. நெல்லிலக்கம் முகத்தல் அளவைகளை அதே முறையில் அடுக்கியது: எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். களத்தில் குவிந்த பத்துக் கலம் நெல்லில் மா வீதம், அதாவது இருபதில் ஒரு பங்கு, கூலியாக அளக்க வேண்டுமானால், இவ்விரு வாய்பாடும் தெரிந்த சிறுவன் ஓலையும் எழுத்தாணியும் தேடாமல் அரைக்கலம், அதாவது தூணிப்பதக்கு என்று சொல்லிவிடுவான். இதை வெறும் மனப்பாடம் என்று பிற்காலத்தார் இகழ்ந்தது முற்றிலும் நேர்மையான மதிப்பீடன்று.

இம்முறை நலிந்ததற்குப் புதிய பாடத்திட்டத்தை மட்டும் காரணமாகக் காட்டுவது போதாது. 1957 ஏப்ரலில் ரூபாய் நூறு காசுகளாகப் பகுக்கப்பட்டதும், தொடர்ந்து மெட்ரிக் அளவைகள் நடைமுறைக்கு வந்ததும், முந்திரிக்கும் குறுணிக்கும் சந்தையில் இருந்த வேலையைப் பறித்தன.

தமிழக நகரங்களில் இன்று பயிற்றப்படும் மணிச்சட்டம் பெரும்பாலும் ஜப்பானியரின் சொரோபானைப் பின்பற்றியது; அதன் ஒவ்வொரு கம்பியிலும் ஐந்து மதிப்புள்ள ஒரு மணி குறுக்குச்சட்டத்துக்கு மேலும், ஒன்று மதிப்புள்ள நான்கு மணிகள் கீழும் இருக்கும். பழகியபின் சட்டத்தை விலக்கி, மணிகளை மனத்துக்குள் நகர்த்திக் கணக்கிடுவதே அதன் குறிக்கோள் ஆதலால், முடிவில் அதுவும் மனக்கணக்கிலேயே வந்து நிற்கிறது. ஆனால் அதன் மணிகள் நெல்லையோ நிலத்தையோ குறிப்பதில்லை. பழைய தென்னார்க்காட்டு ஊர்களில் நிலம் பேசுவோரோ இன்னும் காணிக் கணக்கில்தான் பேசுகின்றனர். 132 சென்ட் கொண்ட அந்த அளவைப் பத்திரத்துக்காக ஏக்கராக மாற்றும் வேலை எந்த மணிச்சட்ட வகுப்பின் பாடத்திலும் இல்லை.