ஊருக்கு வெளியே ஒரு வீடு

முதலூர் என்றதும் திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது மஸ்கோத் அல்வா. தேங்காய்ப்பாலில் கிண்டும் அந்த அல்வாவுக்கு இருக்கும் பேர், ஊர் பிறந்த கதைக்கு இல்லை. வீடிழந்து விரட்டப்பட்டவர்களுக்காகக் காசு கொடுத்து வாங்கிய நிலத்தில் 1799இல் எழுந்த ஊர் அது.

தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்ற டேவிட் சுந்தரானந்தம், 1797 வாக்கில் சாத்தான்குளம் பக்கத்துத் தன் சொந்தக்காரர்களிடம் திரும்பி வந்தார். பனையேறிக் குடும்பங்கள் சில அவர் பேச்சைக் கேட்டு மதம் மாறின. ஜெபிக்கப் போட்ட கூரையை அக்கம்பக்கத்தார் பிடுங்கி எறிந்தார்கள். இருந்த இடத்தில் இருக்க விடவில்லை. கேப்டன் எவரெட் என்ற ஆங்கிலேய அதிகாரி பண உதவி செய்ய, நிலம் வாங்கி, குடிசை கட்டி, முதல் ஊர் என்பதால் முதலூர் என்றே பெயர் வைத்தார்கள்.

மிஷனரி நூல்கள் இதை மத உபத்திரவக் கதையாக மட்டுமே சொல்கின்றன. எனக்கு இது வீட்டுமனைக் கதையும்கூட. பனை ஒருவருடையது, ஏறுகிறவர் இன்னொருவர். குடிசை நிற்கும் மண்ணும் பெரும்பாலும் பனைக்குச் சொந்தக்காரருடையதுதான். "எழும்பிப் போ" என்று சொல்ல அவருக்கு ஒரு நொடி போதும். அந்தக் குடிசை வெறுமனே படுத்து எழும்பும் இடமும் அல்ல. ஆண் இறக்கி வரும் பதநீரைக் காய்ச்சிக் கருப்புக்கட்டி ஆக்கியவள் பெண். விறகு சேர்ப்பதும், அடுப்படியில் வெந்து நிற்பதும், பாகு பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றுவதும் அவள் வேலை. குடிசை போனால் அவளுடைய பட்டறையே போய்விடும். வழக்கமாகச் சொல்லப்படும் முதலூர் கதையில் இந்தப் பெண்கள் வருவதில்லை. தடிக்கம்போடு காவல் நின்ற ஆண்கள் வருகிறார்கள். தாக்க வந்தவர்களைத் திருப்பி அடிக்க டேவிட் ஒரு கம்புப் படையே திரட்டினார். மிஷனரிகளுக்கு அது பிடிக்கவில்லை. உபதேசம் செய்தவர்களின் கூரை எரியவில்லை என்பதை இங்கே சொல்லிவைக்கத் தோன்றுகிறது.

பிறகு இதுவே ஒரு வழிமுறை ஆயிற்று. 1814இல் சாயர் என்ற வணிகர் வாங்கிக் கொடுத்த நிலத்தில் சாயர்புரம் வந்தது. ஜெர்மனியின் டோனா பிரபு கொடுத்த பணத்தில் 1827இல் டோனாவூர் வந்தது. 1830இல் ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டையில் தர்ம சங்கம் என்று ஒன்றைத் தொடங்கி, துரத்தப்பட்டவர்களுக்கு நிலமும் மனையும் வாங்க உள்ளூர்க்காரர்களிடமே நன்கொடை திரட்டினார். எதிர்ப்பைக் கடந்தார்கள் என்று இதைச் சொல்லலாமா? பக்கத்து வீட்டுக்காரர் மனம் மாறவில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். தாமிரபரணித் தண்ணீர் பாயும் நன்செய் நிலம் கோயிலிடமும் பிராமணர்களிடமும் வேளாளர்களிடமும் இருந்தது. முதலூர்க்காரர்களுக்குக் கிடைத்தது தேரிக்காட்டுப் பக்கத்துச் செம்மண். பட்டா ஊருக்கு, தண்ணீர்க் குடம் பெண்ணின் இடுப்புக்கு.

1995 ஆகஸ்டில் கொடியன்குளத்தில் காவல்துறை வீடு வீடாகப் புகுந்து நொறுக்கியது. தென்மாவட்டச் சாதிக் கலவரங்களுக்குப் பின் 1997இல் அறிவிக்கப்பட்ட சமத்துவபுரத்தில் நூறு வீடுகளில் நாற்பது தலித்துகளுக்கு. எல்லாச் சாதிக்கும் ஒரே தெரு, ஒரே சுடுகாடு. நல்ல திட்டம்தான். ஆனால் நான் பார்த்த சமத்துவபுரங்கள் ஊருக்கு வெளியே, பஸ் எப்போதாவது வரும் இடத்தில் இருக்கின்றன. பழைய ஊர்த் தெருக்கள் அப்படியே இருக்கின்றன. பாளையங்கோட்டையில் தனியாக வாடகை வீடு தேடியபோது என்னிடம் எல்லோரும் கேட்ட இரண்டு கேள்விகள்: "வீட்டுக்காரர் என்ன செய்றாங்க?", "நீங்க என்ன ஆளுக?"

டோனாவூருக்கு வருகிறேன். 1901 மார்ச்சில், பெருங்குளத்தில் கோயிலுக்கு ஒப்படைக்கப்படவிருந்த ஏழு வயதுச் சிறுமி தப்பியோடி, பண்ணைவிளையில் ஏமி கார்மைக்கேலிடம் வந்து சேர்ந்தாள். அதற்கு முன்பும் ஒருமுறை ஓடியவள். பிடித்துக்கொண்டு போனவர்கள் அவள் கைகளில் சூடு போட்டிருந்தார்கள். இந்த முறையும் தேடி வந்தார்கள். குழந்தை போகமாட்டேன் என்றாள். அதே ஆண்டு டோனாவூரில் இல்லம் உருவாகத் தொடங்கியது. ஏமிக்குப் பிள்ளை பிடிக்கிறவள் என்ற பேர் வந்தது. வழக்குகளும் வந்தன.

வெளியிலிருந்து வந்த எதிர்ப்பு எல்லோருக்கும் தெரியும். எனக்கு முக்கியமாகப் படுவது உள்ளே இருந்த எதிர்ப்பு. கைக்குழந்தைகள் வரத் தொடங்கியதும், யார் பெற்றதென்று தெரியாத பிள்ளைக்குப் பீத்துணி அலசக் கிறிஸ்தவப் பெண்களே தயங்கினார்கள். மதம் மாறியிருந்தது, சாதி மாறவில்லை. அந்த வேலையை எடுத்துச் செய்தவர் பொன்னம்மாள். இளம் வயதில் விதவையானவர். நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவமனை அருகே குழந்தைகள் காப்பகத்தை நடத்தியவர். அவர் கையால் செய்வதைப் பார்த்துத்தான் மற்ற பெண்கள் வந்தார்கள். 1915இல் அவர் இறந்தார். டோனாவூர் என்றால் ஏமி என்று எழுதும் நாம், கைம்பெண் என்று ஒதுக்கப்பட்ட ஒருத்தி மற்றவர்களுக்கு வீடு நடத்தினாள் என்பதை இன்னும் சரியாக எழுதவில்லை.

சென்னையிலும் இதேதான் நடந்தது. 1930இல் தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் சிலர் முத்துலட்சுமி ரெட்டி வீட்டுக் கதவைத் தட்டினார்கள். கோயிலுக்குப் போகமாட்டோம், படிக்க வேண்டும் என்றார்கள். பிராமணர் விடுதி, பிராமணரல்லாதார் விடுதி என்று இரண்டு பக்கமும் முயன்று பார்த்தார். அந்தப் பெண்களை யாரும் சேர்க்கவில்லை. சாதியால் பிரிந்திருந்தவர்கள் இதில் மட்டும் ஒன்றுபட்டார்கள். முத்துலட்சுமி யாரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்கவில்லை, தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அப்படித் தொடங்கிய ஔவை இல்லம் அடையாற்றில் இன்றும் இருக்கிறது.