தற்காலிகக் கொட்டகையும் நிலையான இல்லமும்

திருத்தங்கல்லை அடுத்த ஆனைக்குட்டத்திலும், சிவகாசியை அடுத்த அனுப்பன்குளத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. முகாம் என்பது சில திங்கள் தங்கிச் செல்லும் இடத்தின் பெயர். தமிழகத்து முகாம்களிலோ மூன்றாம் தலைமுறை வளர்ந்து வருகின்றது.

இதன் வரலாற்றை 1964ஆம் ஆண்டின் சிறீமா-சாஸ்திரி உடன்படிக்கையிலிருந்தே தொடங்கவேண்டும். மலையகத் தோட்டத் தொழிலாளருள் 5,25,000 பேரை ஏற்க இந்தியா அதில் இசைந்தது. அவ்வாறு வந்தோர் 'தாயகம் திரும்பியோர்' எனப்பட்டனர். குடியுரிமையும் வீட்டுக் கடனும் பெற்றனர். அக்கடன் போதியதாயிருந்ததா என்பது வேறு வினா. 1983 ஜூலைக் கலவரத்தின் பின்னும், 1990இல் போர் மீண்டும் மூண்டபோதும் கடல் கடந்து வந்தோர் 'அகதிகள்' ஆயினர். இவர்களுள்ளும் மலையக வழியினர் கணிசமாக உண்டு. ஒரே தோட்டத்து மக்களுள் முந்தி வந்தவர் குடிமகன், பிந்தி வந்தவர் அந்நியர்! இப்பிரிவினையே அவர்தம் குடியிருப்பின் தன்மையையும் வகுத்தது.

விரைவில் திரும்பிவிடுவர் என்னும் எண்ணத்தால் பத்தடிச் சதுர அறைகளும் தார்த்தாள் கூரைகளுமே அமைந்தன. இரக்கம் இல்லாமலில்லை, 'தற்காலிகம்' என்ற கருத்தே கெடுதி செய்தது. நாளையே நீங்கும் கொட்டகைக்கு யார் கடைக்கால் தோண்டுவர்? பாபிலோனில் சிறையிருந்தோருக்கு வீடு கட்டிக் குடியிருக்கும்படி எரேமியா எழுதிய நிருபத்தை நாம் அறிவோம். விரைவில் மீள்வோம் என்ற நம்பிக்கைக்கு எதிராகவே அவர் அதை எழுதினார்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317.40 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. பழுதுற்ற 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவது அதன் முதன்மைக் கூறு. 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'மறுவாழ்வு முகாம்' என மாறிற்று. 2023 செப்டம்பரில், வேலூர் மாவட்டம் மேல்மொணவூரில் நிகழ்ந்த விழாவில், பல மாவட்டங்களில் முடிவுற்ற 1,591 வீடுகள் திறக்கப்பட்டன. நாற்பதாண்டு தாமதித்த நற்செயல் இது.

ஆயினும் சுவர் எழுந்தபின்னும் நிலம் எவருடையது என்னும் வினா நிற்கின்றது. திறவுகோல் கையில் உண்டு, பட்டா இல்லை. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையிலிருந்து வந்தோரைச் சேர்க்கவில்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டின்றித் தங்குவதற்குரிய தண்டனையினின்று விலக்கு அளித்தது. அவ்விலக்கு தங்குவதற்கே; குடியுரிமைக்கன்று.